தலைவர் பார்த்த விம்பிள்டன்

காவேரித் தென்கரை டென்னிஸ் சங்கத்தில் சேருவதற்கு டென்னிஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டதிட்டங்களில் எங்கும் சொல்லவில்லை. தலைவரைத் தெரிந்திருந்தால் போதும். திருச்சி கண்டோன்மெண்டில் செம்மண் மைதானம் ஒன்றும், ஓட்டுக் கட்டடம் ஒன்றும், உறுப்பினர்களில் மூன்று வகையும் அந்தச் சங்கத்துக்கு உண்டு. உள்வட்டத்தார் மட்டையைத் தொடலாம். நடுவட்டத்தார் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி சாப்பிடலாம். வெளிவட்டத்தார் சந்தாவைக் கட்டிவிட்டு, கம்பி வலைக்கு வெளியே நின்றபடி மேற்படி இரண்டு காரியங்களும் நடப்பதைப் பார்க்கலாம்.

வெளிவட்டத்தில் அப்போது இருந்தது ஒரே ஆள்தான். பெயர் அம்மாசி. உறையூரில் நசுருதீன் முதலாளியின் சுருட்டுக் கம்பெனியில் குமாஸ்தா. சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, அப்போதும் தன்னை நம்பாத சுபாவம். வகுப்புக்குப் போகிற வழியில் ஒரு நாள் பந்து மட்டையில் படுகிற சத்தத்தைக் கேட்டு நின்றவன்தான். அன்றிலிருந்து கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. விம்பிள்டன் என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே இந்தச் சத்தம் இதைவிட நன்றாகக் கேட்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவன் மனசுக்குள் ஓர் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றது. மனைவி ரெங்கம்மாளிடம் மட்டும் ஒரு தடவை சொன்னான். "நடக்காதுதான். சும்மா சொன்னேன்" என்று கூடவே சேர்த்துக்கொண்டான்.

1960-ம் வருஷம் மார்ச் மாதம் அது நடப்பதுபோல் ஆயிற்று. சென்னையில் டென்னிஸ் ரசிகர்களுக்காக ஏற்பட்ட பேரவை ஒன்று, விம்பிள்டன் பந்தயத்தைப் பார்க்கக் கப்பலில் ஒரு கோஷ்டியை அனுப்பப் போவதாகவும், வெளியூர்ச் சங்கம் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் பெயரைக் கொடுத்தால் போதும், போகவர எல்லாம் தங்கள் பொறுப்பு என்றும் அறிவித்தது. காவேரித் தென்கரை சங்கத்தின் கமிட்டி உடனே கூடியது. மூன்று வாரம் தொடர்ந்து கூடிக்கொண்டே இருந்தது.

தலைவர் கஸ்தூரிரங்கன் ரிட்டையர்டு டெபுடி கலெக்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் மாலை காரில் வந்து இறங்குவார். மற்றவர்கள் இரண்டு தடவை சர்வீஸ் போடலாம் என்றால், அவருக்கு மூன்று தடவை உண்டு. கோடு எங்கே இருக்கிறது என்பதில் மைதானத்துக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், மறுநாள் கோட்டைத்தான் தள்ளிப் போடுவார்கள்.

"நான் போறது சாத்தியமில்லை" என்றார் தலைவர். "நான் கப்பலேறினா நம்ம பிச்சை ஆக்டிங் தலைவர் ஆயிடுவார். ஒரு தடவை உட்கார்ந்துட்டார்னா எழுந்திருக்க மாட்டார்."

உபதலைவர் பிச்சை முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். "என்னங்க இப்படிச் சொல்றீங்க?" என்று வருத்தப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நெசந்தாங்க" என்றார். "அப்ப நான் வேணும்னா போயிட்டு வந்துடறேனுங்களே?"

"அதெப்படி ஓய்? நான் பார்க்காத ஆட்டத்தை நீர் பார்த்துட்டு வருவீர். நாளைக்கு நான் ஒரு பந்தை அடிச்சா, 'விம்பிள்டன்ல இப்படி அடிக்கறதில்லை'ம்பீர். சங்கத்துல ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமோ?"

ஆகவே தலைவர் போகக் கூடாது; தலைவரைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது; சங்கத்திலிருந்து ஒருவர் போயே ஆக வேண்டும். இந்த மூன்றும் ஒருமனதாக நிறைவேறின. செயலாளர் தைரியராஜ் ஹைஸ்கூலில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இம்மாதிரி இக்கட்டுகளில் அவர் மூளை பளிச்சென்று வேலை செய்யும்.

"தலைவர் போக வேண்டாம். தலைவருடைய பார்வை மட்டும் போகட்டும்" என்றார். "அதைச் சுமந்துகொண்டு போக ஓர் ஆள் வேண்டும். சொந்தமாக எதையும் பார்க்காத ஆளாக இருக்க வேண்டும். அவ்வளவுதானே?"

எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் கம்பி வலையின் பக்கம் திரும்பியது.

"அம்மாசி! இங்கே வா" என்றார் தலைவர். வெளிவட்டத்தான் உள்ளே வரலாமா என்று செயலாளர் சட்டதிட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். வரக் கூடாது என்று இருந்தது. அதனால் தலைவரே வலையருகில் வந்தார். "டென்னிஸைப் பத்தி உனக்கு ஏதாவது அபிப்பிராயம் உண்டோ?"

"இருக்குன்னுதான் நினைக்கிறேங்க சார்" என்றான் அம்மாசி. "ஆனா சரியான்னு தெரியலைங்க."

"பேஷ்! இவனேதான்" என்றார் தலைவர்.

சென்னைப் பேரவை மளமளவென்று காரியங்களை முடித்தது. பாஸ்போர்ட் வந்தது. யார் போகிறார்களோ அவர்கள் கைக்கே அனுப்புவது பேரவையின் வழக்கமாதலால், கப்பல் டிக்கெட்டும் பந்தயத்துக்கான டிக்கெட்டும் உறையூர் முகவரிக்கே வந்து சேர்ந்தன. ரெங்கம்மாள் அவற்றை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். ஜூன் முதல் வாரம் பம்பாயில் கப்பல். அதற்குள் பயிற்சி முடிய வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது.

"என்ன பயிற்சிங்க சார்?" என்று கேட்டான் அம்மாசி.

"பார்க்கிற பயிற்சி, தம்பி" என்றார் தைரியராஜ். "நீ பார்க்கப் போவது உன் கண்ணால் அல்ல. மறந்துவிடாதே."

தலைவருக்குக் கழுத்தில் வாதம். பந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால், அவருடைய பார்வை ஒரு மூச்சு கழித்துத்தான் போய்ச் சேரும். அதற்குள் பந்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். இப்படியாக அவர் ஆண்டுக்கணக்கில் பந்து இல்லாத பக்கத்தையே பார்த்துக்கொண்டு டென்னிஸில் தேர்ச்சி பெற்றவர். அம்மாசியும் அப்படியே பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. பிச்சையும் தைரியராஜும் எதிரெதிரே நின்று பந்தை அடிப்பார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார். வலைக்கு வெளியே அம்மாசி, தலைவரின் பின்னங்கழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கழுத்தைத் திருப்புவான். ஆரம்பத்தில் சத்தம் கேட்டதுமே அவன் கண் பந்தின் பின்னால் ஓடிவிடும்.

"அவசரப்படறான்! அவசரப்படறான்!" என்று பிச்சை கத்துவார். "தலைவரை முந்திக்கிட்டுப் பார்க்கிறான் பாருங்க!"

இரண்டாவது வாரம் கைதட்டும் பயிற்சி. நல்ல அடிக்குத் தலைவர் கைதட்டுவதில்லை. அடித்தவர் இன்னார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே தட்டுவார்.

"அங்க ஆடுறவங்கள்ளாம் யாருன்னு எனக்குத் தெரியாதேங்க சார்?" என்றான் அம்மாசி.

"அப்போ தட்டாதே" என்றார் தலைவர். "யாரோ எவரோ, அவா தகப்பனார் எந்தக் கிரேடோ. நாம ஏன் அவசரப்பட்டு மாட்டிக்கணும்?"

மூன்றாவது வாரம்தான் விஷயம் கொஞ்சம் முற்றியது. ஆட்டத்தின் மூன்றாவது செட்டில் தலைவர் கண்ணயர்வது வழக்கம். நாலாவது செட் பாதியில் காப்பி வந்ததும் விழித்துக்கொள்வார். ஆகையால் விம்பிள்டனில் மூன்றாவது செட் தொடங்கியதும் அம்மாசி தூங்கிவிட வேண்டும்.

அம்மாசி தயங்கினான். "சார், கப்பல்ல அவ்வளவு தூரம் போயி... இறுதி ஆட்டம் மூணாவது செட்டுலயே முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சா முடியட்டும். எனக்குத் தூக்கம் வந்தா வந்ததுதான்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "ஆட்டத்துக்காக என்னை நான் மாத்திக்க முடியுமா?"

அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனாதலால் வீட்டிலும் பழகிக்கொண்டிருந்தான். ரெங்கம்மாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே பார்த்தாள். "ஏங்க, மோர் ஊத்தட்டுமான்னு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். நான் அடுப்படிக்குப் போனப்புறம் இங்க திரும்பி வேணாங்கறீங்க. யாருகிட்ட சொல்றீங்க, தூணுகிட்டயா?"

"பழக்கம் வரணும்ல, ரெங்கம்மா."

"தூங்கறதுக்கா லண்டனுக்குப் போறீங்க? அதுக்குத்தான் இங்கயே கோரைப்பாய் இருக்கே."

நாம் போவதே அதிகம், அதில் பார்க்கவும் வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசையோ என்று நினைத்துக்கொண்டான். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம் காதில் கேட்டது. முதல் இரண்டு செட்டாவது கிடைக்கும் அல்லவா?

மே மாதம் பிறந்ததும் வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. தலைமை தாங்க ஜில்லாவின் உயரதிகாரி ஒருவர் இசைந்தார். திரும்பி வந்ததும் நடக்கவேண்டிய வரவேற்பு விழாவுக்கும் அவரையே கூப்பிட வேண்டும் என்பது தலைவரின் விருப்பம். அதிகாரியோ இந்த வருஷத்தில் சங்கத்துக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஒதுக்க முடியும் என்று சொல்லிவிட்டார். மறுபடி தைரியராஜ்தான் கைகொடுத்தார்.

"இரண்டு விழாவையும் அன்றைக்கே வைத்துவிடுவோம். ஒரே பந்தல், ஒரே அதிகாரி. நடுவில் தேநீர்."

"போகறதுக்கு முன்னாடி வரவேற்பாங்க?" என்றார் பிச்சை.

"போவது ஜூன் மாதம் எப்படியும் நடக்கப்போகிற காரியம். நடக்கப்போவதை முன்கூட்டியே நடத்தி முடிப்பதுதானே நிர்வாகம்?"

இதை மறுத்துப் பேசக் கமிட்டியில் ஆள் இல்லை. அம்மாசிக்கு மட்டும் ஏதோ ஒன்று இடித்தது. படித்தவர்கள் இத்தனை பேருக்குத் தோன்றாதது நமக்கு எப்படித் தோன்றும் என்று சும்மா இருந்துவிட்டான்.

மே மூன்றாம் ஞாயிறு விழா. தலைவரின் பழைய கோட்டை அம்மாசிக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். கை விரல் வெளியே தெரியவில்லை. வெளிவட்டத்தான் என்றாலும் அன்று ஒரு நாள் மட்டும் அவன் உள்ளே வர விதியைத் தளர்த்தியிருந்தார்கள். வழியனுப்பு உரைகள் நடந்தன. மாலை போட்டார்கள். "சென்று வருக!" என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்ல, அவன் கிழக்கு வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்டான். அவர்கள் தேநீர் சாப்பிட்டு முடிக்கும் வரையில் மதிலைச் சுற்றிக்கொண்டு போய், மேற்கு வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்பது ஏற்பாடு.

மதிலோரம் கடலை வறுத்துக்கொண்டிருந்த காளியாயி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தம்பி, கழுத்துல மாலையோட ஒத்தையில வரே? பொண்ணு வீட்டுக்காரங்க தொரத்திட்டாங்களா?"

"இல்லக்கா. விம்பிள்டன் போய்க்கிட்டிருக்கேன்."

"அது எங்க கெடக்கு? சமயபுரத்துக்கு அங்கிட்டா?"

அம்மாசி மதிலைப் பார்த்தான். "இப்போதைக்கு அந்த மூலை திரும்பினா வந்துடும்க்கா" என்றான். அவள் ஒரு பொட்டலம் கடலை கொடுத்தாள். தின்றுகொண்டே நடந்தான்.

மேற்கு வாசலில் நாதஸ்வரம் தயாராக இருந்தது. "வருக! வருக!" என்றார்கள். இரண்டாவது மாலை விழுந்தது. உயரதிகாரி கைகுலுக்கி, "பிரயாணம் எப்படி இருந்தது?" என்று விசாரித்தார்.

"கொஞ்சம் வெயிலுங்க" என்றான் அம்மாசி. அவன் பொய் சொல்லிப் பழகாதவன்.

அடுத்ததாக, விம்பிள்டன் அனுபவம் பற்றிய உரை. அம்மாசி எழுந்திருக்கப் போனான். தைரியராஜ் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். பார்த்தது தலைவரல்லவா? தலைவர் எழுந்து ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

"புல்லு நன்னாத்தான் இருந்தது. இல்லேன்னு சொல்லலை. ஆனா நம்ம செம்மண்ணோட கம்பீரம் வராது. ஜனங்க ஒழுங்கா உட்கார்ந்திருந்தா. ஆனா யார் பெரியவர், யார் சின்னவர்னு ஒண்ணும் புரியலை. எல்லாரும் ஒரே மாதிரி நாற்காலியில இருந்தா. அது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்தது. சர்வீஸ் ரெண்டே ரெண்டு தரம்தான் விடறா. யுத்தத்துல அடிபட்ட தேசம், இன்னும் சிக்கனம் போலிருக்குன்னு பொறுத்துண்டேன். ஆடினவன் ஒருத்தன் என்னைப் பார்த்து வணங்கினான். நான் பதிலுக்குத் தலையசைக்கலை. கர்வம்னு நினைக்கப்படாது, கழுத்து வலி. மூணாவது செட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. தூங்கிட்டேன். ஒரு விஷயத்தைத் தெரியலைன்னு ஒத்துக்கற தைரியம் தலைமைக்கு வேணும்."

நெடுநேரம் கைதட்டல் ஓயவில்லை. விம்பிள்டன் பயணம் சங்கத்துக்குப் பெருமை தேடித் தந்து இனிதே முடிந்தது என்று தீர்மானம் நிறைவேறியது. உயரதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கார் ஏறினார்.

மறுநாள் காலை அம்மாசி செயலாளர் வீட்டுக்குப் போனான். "சார், நான் பம்பாய்க்கு எந்த ரயில்ல கிளம்பட்டும்?"

தைரியராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பம்பாய்க்கா? எதற்கு?"

"கப்பலுக்குங்க. விம்பிள்டனுக்கு."

"நீதான் வந்துவிட்டாயே, தம்பி!"

"மதிலைத்தானே சார் சுத்திட்டு வந்தேன்?"

"அது உன் சொந்த அபிப்பிராயம். மாலை போட்டது உண்மையா, இல்லையா? தீர்மானம் உண்மையா, இல்லையா? ஒரு முறை போய்வந்தவரை இன்னொரு முறை அனுப்ப விதியில் இடமில்லை. மற்றவர்களுக்கும் வாய்ப்புத் தர வேண்டாமா? நியாயத்தை நினைத்துப் பார்."

தலைவர் வீட்டிலும் போய் நின்றான். தலைவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். "அம்மாசி, ஆசைக்கு ஒரு அளவு வேணும்" என்றார். "ஒரு விம்பிள்டனுக்கே நான் ஆயாசமா இருக்கேன்."

அம்மாசி நேரே கம்பெனிக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சுருட்டுக் கட்டுகளை எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டான். நசுருதீன் முதலாளி அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். "என்னப்பா, லீவு குடுத்தாச்சே. இன்னும் இங்க என்ன பண்றே?"

அவன் நடந்ததைச் சொன்னான். முதலாளி சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "டிக்கெட்டு யார்கிட்ட இருக்கு?"

"வீட்டுல இருக்குங்க முதலாளி. அரிசிப் பானைக்குப் பின்னாடி."

"திருப்பிக் குடுன்னு கேட்டாங்களா?"

"கேட்கணும்னா கமிட்டி கூடணுங்க. செக்ரட்டரி நாளைக்குக் கொடைக்கானல் போறாரு. இனிமே ஆவணியிலதான் கமிட்டி."

"மெட்ராஸ்காரங்க?"

"அவங்க பம்பாயில காத்துக்கிட்டிருப்பாங்க."

"அப்புறம் என்னப்பா?"

"நான் போயிட்டு வந்தவன்னு தீர்மானமே ஆயிடுச்சுங்களே முதலாளி. இப்ப போனா அது தப்பில்லையா?"

நசுருதீன் மேலே பார்த்து, "யா அல்லா" என்றார். அப்போது வாசலில் தூக்குச் சட்டியில் மத்தியானச் சோறு கொண்டுவந்து நின்ற ரெங்கம்மாள்தான் பதில் சொன்னாள். "போகாத ஆளு கெளம்பினாத்தானே எங்கடா போறேன்னு கேப்பாங்க? போயிட்டு வந்தவரை யாருங்க தேடப்போறா? சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

அம்மாசி அதை இரண்டு தடவை மனசுக்குள் சரிபார்த்தான். எங்கும் பிழை தென்படவில்லை. அவன் ஆயுளில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், அம்மாசி விம்பிள்டனில் பச்சை பெஞ்சு ஒன்றில், தன் சொந்தச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். முதல் பந்து எழும்பியது. பழகிய கழுத்து ஒரு மூச்சு காத்திருக்கப் பார்த்தது. அவனுடைய கண் காத்திருக்கவில்லை. பந்தோடு போயிற்று, பந்தோடு வந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு யாரோ சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. மூன்றாவது செட்டில் இமை கனத்தபோது தொடையில் கிள்ளிக்கொண்டான். யாரென்றே தெரியாத ஒருவன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்ததற்குக் கைவலிக்கத் தட்டினான். அப்புறம் மழை வந்து ஆட்டம் நின்றது. நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததில் அவனுக்கு வருத்தமே இல்லை.

ஆவணியில் அவன் ஊர் திரும்பிய மறுவாரம் கமிட்டி கூடியது. முதல் விஷயமே அம்மாசிதான். ஜூனிலும் ஜூலையிலும் வெளிவட்டத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. தலைவர் சர்வீஸ் போடும்போது பார்க்க ஆள் இல்லை. இதற்கு விளக்கம் தேவை என்றார்கள். கம்பி வலைக்கு அந்தப் புறம் நின்று அம்மாசி பதில் சொல்ல வேண்டும்.

"இரண்டு மாதமும் எங்கே போயிருந்தாய்?" என்றார் தைரியராஜ்.

அம்மாசிக்கு உண்மையைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. "விம்பிள்டனுக்குங்க சார்."

பிச்சை சலித்துக்கொண்டார். "அது மே மாசம்யா! மூணாம் ஞாயித்துக்கிழமை. நாங்கள்ளாம் இருந்தமே. அதைக் கேக்கல. அதுக்கப்புறம் எங்க போனே?"

"அதுக்கப்புறமும் விம்பிள்டன்தாங்க."

கமிட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. தைரியராஜ் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, அகம்பாவமாகப் பேசினால் பெயரை நீக்க நேரிடும். யோசித்துச் சொல்."

அம்மாசி யோசித்தான். பெயரை நீக்கினால் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. பந்துச் சத்தம் இங்கேயும் ஒன்றும் மோசமில்லை. மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பும் அதே பக்கம்தான்.

"உறையூர்லதாங்க இருந்தேன்" என்றான். "உடம்பு சரியில்லை."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். விளக்கம் ஏற்கப்பட்டது.

தலைவர் மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வலையருகே வந்து, அம்மாசியின் மேல் ஒரு கணம் பரிவோடு பார்வையைச் செலுத்தினார். அவன் சற்று இளைத்திருந்தான்.

"உடம்பைப் பார்த்துக்கோ. அந்த ஊர்க் குளிர் சாமானியம் இல்லை" என்றார். "மே மாசம் போயிட்டு வந்தது, எனக்கே இன்னும் தும்மல் நிக்கலை."